விலக்கப்பட்ட ஏடுகளின் பதிவு: நியூட்டனின் இரசவாதக் கையெழுத்துப்படிகளை முன்வைத்துச் சில தேர்வு நெறிகள்

ஆய்வுச் சுருக்கம்

இரசவாதம், தொடக்ககால வேதியியல் ஆகியன சார்ந்த கையெழுத்துப்படிகளுள் எவற்றை ஆய்வாளர் பயன்பாட்டுக்கு முதலில் திறந்துவிடுவது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. ஐசக் நியூட்டனின் இரசவாதத் தாள்கள் 1727, 1888, 1936 ஆகிய ஆண்டுகளில் எவ்வாறு தரம்பிரிக்கப்பட்டன என்பதும் அப்பிரிவினை பிற்கால ஆய்வை எவ்வாறு திசைதிருப்பியது என்பதும் இதில் மதிப்பிடப்படுகின்றன. 'இது அறிவியலா?', 'இது ஆசிரியரின் சொந்த எழுத்தா?' என்னும் இரு அளவுகோல்களும் இவ்வகைச் சுவடிகளுக்குப் பொருந்துவதில்லை என்பதும், விலக்கப்பட்டவற்றைப் பற்றிய பதிவே பிற்கால மீட்புக்கு வழிவகுத்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள். இம்முடிபுகள் தமிழ் வாதச் சுவடிகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரசவாதம், கையெழுத்துப்படி, விளக்க அட்டவணை, தேர்வு, நியூட்டன், ஸ்டார்க்கி, மின்னுருவாக்கம், வாதச் சுவடிகள்.

1. முன்னுரை

எந்த நூலகமும் தன்னிடமுள்ள எல்லாச் சுவடிகளையும் ஒரே வேளையில் படம்பிடித்து, எழுத்துபெயர்த்து, பதிப்பித்துவிட இயலாது. பொருள், ஆள், காலம் ஆகிய மூன்றும் அளவுபட்டவை. ஆகவே ஒருவர் அமர்ந்து, 'இது முதலில், அது பின்னர், மற்றது தேவையில்லை' என்று வரிசைப்படுத்த வேண்டியுள்ளது. இலக்கியச் சுவடிகளைப் பொறுத்தவரை இவ்வரிசைக்கான அளவைகள் ஓரளவு தெளிவானவை: நூலின் தொன்மை, அச்சேறாமை, படியின் நம்பகம் முதலியன. இரசவாதச் சுவடிகளிடம் இவ்வளவைகள் தடுமாறுகின்றன. அவற்றில் உலோகத் தொழில்நுட்பம், மருத்துவம், சமயச் சிந்தனை, குறியீட்டுக் கவிதை, கடைச்சரக்குக் கணக்கு ஆகியன ஒரே ஏட்டில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. அவற்றைத் தரம்பிரிப்பவர், வேதியியல் எது, வேதியியல் அல்லாதது எது என்பதைப் படிப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிடும் நிலை எளிதில் நேர்கிறது.

இச்சிக்கலை ஆராய நியூட்டனின் தாள்கள் ஏற்ற சான்று. இரசவாதம் குறித்து அவர் தம் கையால் எழுதிவைத்தவை ஏறத்தாழ பத்து இலட்சம் சொற்கள் எனக் கணிக்கப்படுகிறது. அவர் இறந்தது முதல் இன்றுவரை இத்தாள்களை யார், எப்போது, எந்நோக்கில் பிரித்தனர் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. தேர்வின் வரலாற்றையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் வாய்ப்பு இத்தகைய தொகுதிகளில்தான் கிட்டுகிறது. நியூட்டனின் இரசவாதக் கருத்துகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவருடைய தாள்களைக் கையாண்டோரின் முடிவுகளே இங்கு மதிப்பீட்டுக்கு உரியன.

2. மூன்று தேர்வுகள்

முதல் தேர்வு 1727இல் நிகழ்ந்தது. நியூட்டன் உயில் எழுதாமல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற தாள்களுள் அச்சிட்டுப் பொருளீட்டத் தக்கவை எவை எனக் காணும் பொறுப்பு, இராயல் கழக உறுப்பினரான மருத்துவர் தாமஸ் பெல்லட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. மிகச் சிலவற்றை மட்டும் அவர் தகுதியுடையனவாகக் கொண்டார்; பல கட்டுகளின்மீது அச்சுக்கு ஏற்றவையல்ல என்னும் பொருள்படக் குறிப்பெழுதி ஒதுக்கினார். அவர் கையாண்ட அளவுகோல் வணிகம் சார்ந்தது. அதற்குமேல் அவர் எதுவும் உரிமைகோரவில்லை. ஒதுக்கப்பட்ட தாள்கள் அழிக்கப்படவுமில்லை. நியூட்டனின் மருமகள் வழியாக அவை போர்ட்ஸ்மத் பிரபுக்களின் குடும்பத்தைச் சேர்ந்தன.

இரண்டாம் தேர்வு ஆழமானது. 1872இல் ஐந்தாம் போர்ட்ஸ்மத் பிரபு இத்தாள்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். அறிவியல் சார்ந்தவற்றைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டு ஏனையவற்றைத் திருப்பித் தருவது என்பது ஏற்பாடு. வானியலாளர் ஜான் கௌச் ஆடம்ஸ், இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், பல்கலைக்கழகப் பதிவாளர் லூவார்ட், வேதியியல் பேராசிரியர் லிவிங் ஆகிய நால்வர் குழு பதினாறு ஆண்டுகள் உழைத்து 1888இல் ஓர் அட்டவணையை வெளியிட்டது. அவ்வட்டவணையின் தலைப்பே தொகுதியின் 'அறிவியல் பகுதி' பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டதை அறிவிக்கிறது. நியூட்டன் தம் உலையில் செய்த சோதனைகளின் குறிப்பேடுகள் அறிவியல் எனக் கொள்ளப்பட்டுக் கேம்பிரிட்ஜில் தங்கின. அவை இன்று பல்கலைக்கழக நூலகத்தின் கூடுதல் வரிசையில் 3973, 3975 ஆகிய எண்களைப் பெற்றுள்ளன. இரசவாத நூல்களிலிருந்து அவர் எடுத்த படிகளும், தொகுப்புகளும், சொல்லடைவுகளும் தம்மளவில் ஆர்வம் தருவனவல்ல என்னும் கருத்துடன் திருப்பியனுப்பப்பட்டன.

மூன்றாம் தேர்வைச் சந்தை செய்தது. 1936 சூலை 13, 14 ஆகிய நாள்களில் லண்டன் சோத்பி ஏல நிலையத்தில் இத்தாள்கள் 329 தொகுதிகளாகப் பிரித்து விற்கப்பட்டன. கிடைத்த மொத்தத் தொகை 9,000 பவுனுக்குச் சற்றே மிகுதி. பொருளியலாளர் ஜான் மேனார்ட் கீன்ஸ் இரசவாதத் தாள்களுள் பெரும் பகுதியைச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்தார். அவை 1946இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றன. எஞ்சியவை பல நாடுகளில் தனியார் கைகளுக்கும் நூலகங்களுக்கும் சிதறின.

மூன்று தேர்வுகளுக்கும் மூன்று நோக்கங்கள்: அச்சு வருவாய், துறைவகைப்பாடு, விற்பனை. இவற்றுள் பின்விளைவு மிகுந்தது இரண்டாவதே. பெல்லட் தாள்களை ஒதுக்கினார். சந்தை அவற்றைச் சிதறடித்தது. 1888ஆம் ஆண்டுக் குழுவோ அவற்றுக்கு ஒரு வரையறையை வழங்கியது.

3. ஒரு பிரிவினை, இரண்டு நியூட்டன்கள்

லிவிங் தேர்ந்த வேதியியலர். ஆகவே அறியாமையால் அவர் இப்பிரிவினையைச் செய்தார் எனல் பொருந்தாது. தம் காலத்து வேதியியலுக்கு எது பயன்படும் என்னும் வினாவுக்கு அவர் சரியான விடையையே கண்டார். எடையும் அளவும் குறிக்கப்பட்ட சோதனைக் குறிப்பு அவருக்குப் பொருள் தந்தது. 'பச்சைச் சிங்கம்', 'டயானாவின் புறாக்கள்' என்று பேசும் நூற்பகுதியின் படி பொருள் தரவில்லை. பிழை விடையில் இல்லை, வினாவில் உள்ளது. வரலாற்று ஆவணத்தின் தகுதியை நிகழ்காலத் துறையின் பயன்பாட்டைக்கொண்டு அளந்ததே அப்பிழை.

இப்பிரிவினையின் விளைவை ஒரு சான்றால் விளக்கலாம். கேம்பிரிட்ஜில் தங்கிய சோதனைக் குறிப்பேட்டில் நியூட்டன் 'வலை' என்னும் பொருளைக் குறிப்பிடுகிறார். குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இச்சொல்லின் வரலாற்றை அறிய இயலாது. ஐரேனியஸ் ஃபிலலீதஸ் என்னும் புனைபெயரில் வழங்கிய இரசவாத நூல்களில் இதற்கு விளக்கம் கிடைக்கிறது. செவ்வாய்க் கோள் இரும்பையும் சுக்கிரன் செம்பையும் குறிக்கும். தொன்மக் கதையில் அவ்விருவரையும் வலைவீசிப் பிடித்தவன் வல்கன். இரும்பைக்கொண்டு அஞ்சனக்கல்லிலிருந்து பிரித்த ஆண்டிமனியோடு செம்பைச் சேர்த்து உருக்கினால், மேற்பரப்பில் வலைபோன்ற படிகக் கோடுகள் தோன்றும் கலப்புலோகம் கிடைக்கிறது. அறிவியல் வரலாற்றாளர் வில்லியம் நியூமன் இதனை ஆய்வகத்தில் மீண்டும் செய்து காட்டியுள்ளார். கதைபோலத் தோன்றிய சொல் ஒரு கலப்புலோகத்தின் பெயர் என்பது இதனால் உறுதியாயிற்று. திருப்பியனுப்பப்பட்ட வாசிப்புக் குறிப்புகளும் தக்கவைக்கப்பட்ட உலைக் குறிப்புகளும் ஒரே வேலையின் இரு பாதிகள். ஒன்று சொல்லைத் தருகிறது. மற்றது பொருளைத் தருகிறது.

பிரிந்த பாதிகள் இரண்டு வெவ்வேறு நியூட்டன்களை உருவாக்கின. கேம்பிரிட்ஜ் நூலகத்தில் தங்கிய பாதியிலிருந்து, இரசவாதத்தின் சாயலற்ற பகுத்தறிவாளர் ஒருவரின் படிமம் நிலைத்தது. கீன்ஸ் வாங்கிய பாதியிலிருந்து அதற்கு எதிரான படிமம் எழுந்தது. 1946இல் நியூட்டன் முந்நூற்றாண்டு விழாவில் கீன்ஸின் உரையை, அவர் மறைந்துவிட்டமையால், அவருடைய தம்பி படித்தார். அவ்வுரை நியூட்டனைப் பகுத்தறிவு யுகத்தின் தொடக்கத்திலிருந்து அகற்றி, பழைய மாய மரபின் கடைசி வரிசையில் நிறுத்தியது. முந்தைய மரபை உடைத்த துணிவான கருத்து என்று இவ்வுரை பாராட்டப்பெறுகிறது. ஆனால் அதுவும் 1888ஆம் ஆண்டுப் பிரிவினையின் குழந்தையே. உலைக் குறிப்புகளைத் தன்னிடம் கொண்டிருந்த நூலகம் கிங்ஸ் கல்லூரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருந்தது. இரு தொகுதிகளும் ஒரே மேசையில் விரிக்கப்பட்டிருந்தால் 'அறிவியலாளர்', 'மாயவாதி' என்னும் இரு முனைப் படிமங்களும் இவ்வளவு எளிதாக எழுந்திரா.

4. 'படி' என்னும் சிக்கல்

இரண்டாவது அளவுகோல், 'இது ஆசிரியரின் சொந்த எழுத்தா?' என்பது. நியூட்டனின் இரசவாதத் தாள்களுள் பெரும்பாலானவை பிறர் நூல்களின் படிகள், பிழிவுகள், சொல்லடைவுகள். அவர் தொகுத்த 'இன்டெக்ஸ் கெமிகஸ்' என்னும் அடைவு எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தலைச்சொற்களுடன், எந்நூலில் எப்பக்கத்தில் எச்சொல் வருகிறது எனச் சுட்டுகிறது. சொந்தக் கருத்தைத் தேடுவோர்க்கு இதில் ஒன்றுமில்லை. ஒருவர் எவற்றைப் படித்தார், எச்சொற்களை ஒரே பொருளனவாகக் கருதினார் என்று தேடுவோர்க்கு இதைவிடச் சிறந்த ஆவணம் அரிது.

படிகளைப் புறக்கணிப்பதில் உள்ள ஆபத்தைப் போலவே, படியைப் படி என்று அறியாதிருப்பதிலும் ஆபத்து உண்டு. கீன்ஸ் தொகுதியில் 18ஆம் எண்ணுடைய 'கிளாவிஸ்' என்னும் இலத்தீன் தாளை பெட்டி ஜோ டாப்ஸ் நியூட்டனின் சொந்தப் படைப்பாகக் கொண்டு, 1975இல் வெளிவந்த தம் நூலின் வாதத்தில் அதற்கு முதன்மையான இடமளித்தார். நியூட்டனின் இரசவாத ஆய்வைத் தகுதியுடைய துறையாக்கிய நூல் அது. ஆயினும் அத்தாள் ஜார்ஜ் ஸ்டார்க்கி 1651இல் ராபர்ட் பாயிலுக்கு எழுதிய மடலின் இலத்தீன் வடிவமே என நியூமன் 1987இல் நிறுவினார். டாப்ஸின் கவனக்குறைவை இங்குக் குறைகூறிப் பயனில்லை. நியூட்டனின் தாள்கள் நியூட்டனின் தாள்களாக மட்டுமே தொகுக்கப்பட்டிருந்தன. அவற்றோடு ஒப்பிட வேண்டிய ஸ்டார்க்கியின் மடல்கள் வேறிடத்தில், வேறு பெயரின்கீழ்க் கிடந்தன. பெரும்பெயர் ஒன்றை மையமாகக்கொண்டு திறக்கப்படும் தொகுதி, அப்பெயருக்கு உரியதல்லாதவற்றையும் அப்பெயர்மீதே ஏற்றிவிடும்.

ஸ்டார்க்கியே இதற்கு மற்றொரு சான்று. முன்னர்ச் சுட்டிய ஃபிலலீதஸ் என்னும் புனைபெயர்க்கு உரியவர் அவர். மடல்களும் சோதனைக் குறிப்பேடுகளும் அச்சு நூல்களோடு ஒப்பிடப்பட்ட பின்னரே இவ்வுண்மை உறுதிப்பட்டது. புகழ்பெற்ற ஆசிரியரின் தாள்களுக்கே முன்னுரிமை என்று இருந்திருந்தால், நியூட்டன் மிகுதியாகக் கற்ற ஆசிரியர் யார் என்பதே தெரியாமற் போயிருக்கும்.

1936இல் விற்கப்பட்ட மற்றொரு தாளும் கருதத்தக்கது. பிலடெல்பியாவில் உள்ள வேதியியல் பாரம்பரிய நிறுவனம், இன்றைய அறிவியல் வரலாற்று நிறுவனம், இதனை 2016இல் வாங்கியது. இதன் ஒரு புறத்தில் ஸ்டார்க்கி எழுதிய, 'தத்துவப் பாதரசம்' ஆக்கும் முறையின் படி உள்ளது. மறுபுறத்தில் ஈயத் தாதுவை வடித்தல் தொடர்பான நியூட்டனின் சொந்தக் குறிப்பு உள்ளது. ஒரே தாளின் முன்பக்கம் படி, பின்பக்கம் சோதனை. 'படி' என்று முன்பக்கத்தைக் கொண்டு விலக்கினால் பின்பக்கமும் உடன் போகும். தாள் என்னும் பருப்பொருளைத் துறைவாரியாகப் பிளக்க இயலாது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

5. மீட்பு நிகழ்ந்த வழி

மூன்று தேர்வுகளுக்குப் பின்னும் நியூட்டனின் இரசவாதம் ஆய்வுக்குக் கிடைத்தது எவ்வாறு? தாள்கள் அழியாமை ஒரு காரணம். விலக்கியோர் தாம் விலக்கியவற்றைப் பதிவுசெய்தமை மற்றொரு காரணம். 1888ஆம் ஆண்டு அட்டவணை, திருப்பியனுப்பப்பட்ட இரசவாதத் தாள்களையும் சுருங்கிய வரிகளில் குறித்துவைத்தது. 1936ஆம் ஆண்டு ஏல அட்டவணையோ விற்பனைக்கென எழுதப்பட்டதாயினும், ஒவ்வொரு தொகுதிக்கும் தலைப்பு, பொருள், அளவு ஆகியவற்றைத் தந்தது. இன்றும் ஆய்வாளர்கள் அதன் தொகுதி எண்களைக்கொண்டே தாள்களை அடையாளம் காண்கின்றனர். அந்த ஏலத்தில் 15 பவுனுக்கு விலைபோன பின் தொலைந்ததாகக் கருதப்பட்ட இரசவாதக் குறிப்புகள் சில, லண்டன் இராயல் கழகத்திலேயே இருந்ததாக 2005இல் அறிவிக்கப்பட்டது. ஓர் ஆவணம் முன்னர்ப் பதிவுபெற்றிருந்தால்தான் அது தொலைந்தது என்பதும் தெரியவரும், கிடைத்தபோது அது இன்னது என்பதும் தெரியவரும்.

ராபர்ட் பாயிலின் தாள்கள் இதற்கு மறுதலையான சான்று. பாயில் 1691இல் இறந்தார். அவருடைய நூல்களைத் தாமஸ் பெர்ச் 1744இல் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்; தாள்களைத் தேடிச் சேர்த்துத் தந்தவர் ஹென்றி மைல்ஸ் என்னும் சமய போதகர். அக்காலத்தில் நற்பெயருக்கு ஊறுவிளைப்பதாகக் கருதப்பட்ட இரசவாதத் தாள்கள் பல இப்பணியின்போது மறைந்தன. பழைய இருப்புப் பட்டியல்களை இராயல் கழகத்தில் இன்று எஞ்சியுள்ளவற்றோடு ஒப்பிட்டு மைக்கேல் ஹன்டர், லாரன்ஸ் பிரின்சிப் ஆகியோர் இவ்விழப்பை எடுத்துக்காட்டியுள்ளனர். பட்டியலில் பெயர் மட்டும் உண்டு, தாள் இல்லை. நியூட்டனின் விலக்கப்பட்ட தாள்கள் மீண்டன; பாயிலின் விலக்கப்பட்ட தாள்களில் எஞ்சியவை தலைப்புகளே. அத்தலைப்புகளும் எஞ்சியிராவிடின் இழப்பு நேர்ந்தது என்றுகூட அறிந்திருக்க மாட்டோம்.

இவ்விரு சான்றுகளையும் ஒப்பிடும்போது தேர்வு பற்றிய வழக்கமான விவாதம் இடம்மாறுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒவ்வொரு தலைமுறையும் தவறக்கூடும். தவறு திருத்தத்தக்கதா என்பதைத் தீர்மானிப்பது, தேர்ந்தெடுக்கப்படாதவற்றைப் பற்றி அத்தலைமுறை எழுதிவைத்த குறிப்பே.

6. மின்னுருவாக்கமும் பழைய எல்லைகளும்

மின்னுருவாக்கம் தேர்வுச் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. நியூமன் தலைமையில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த நியூட்டன் இரசவாதத் திட்டம், படங்களைத் தருவதோடு நில்லாமல், தாளில் உள்ளவாறே எழுத்துபெயர்த்த வடிவத்தையும் படிப்பதற்கேற்பச் சீர்செய்த வடிவத்தையும் தருகிறது. இரசவாதக் குறியீடுகளைக் கணினியில் எழுத வழியில்லாதிருந்த நிலையில், அத்திட்டத்தினர் பங்களித்த முன்மொழிவின் பயனாக 2010இல் வெளிவந்த ஒருங்குறி 6.0 பதிப்பில் 116 இரசவாதக் குறியீடுகள் இடம்பெற்றன. ஒத்த பகுதிகளைக் கணினிவழிக் கண்டறியும் கருவியும் உருவாக்கப்பட்டது. படி எது, மூலம் எது எனத் தேடும் ஆய்வாளர்க்கு இது பெருந்துணை. ஆய்வாளர் பயன்பாடு என்பது படத்தோடு முடிவதில்லை என்பதற்கு இத்திட்டம் முன்மாதிரி.

ஆயினும் நியூட்டனின் தாள்கள் முழுமையும் இணையத்தில் அமைந்திருக்கும் முறையை நோக்கினால் பழைய எல்லைகள் அழியவில்லை என்பது புலனாகும். கணிதமும் இயற்பியலும் 2011 முதல் கேம்பிரிட்ஜ் மின்னூலகத்தில், சமயத் தாள்கள் 1998இல் தொடங்கிய நியூட்டன் திட்டத்தில், இரசவாதம் இந்தியானாவில். நியூட்டன் திட்டத்தின் அட்டவணை எல்லாவற்றையும் ஒருங்கே சுட்டுவது உண்மையே. எனினும் ஒரு தளத்தில் தேடுபவர் மற்ற தளங்களின் உரையை உடன் தேட இயலாத அளவுக்கு, துறைவாரிப் பிரிவினை புதிய ஊடகத்திலும் தொடர்கிறது. இதில் நிதியளித்தோரின் நோக்கங்களுக்கும் பங்குண்டு. ஒருமுறை செய்யப்பட்ட வகைப்பாடு அலமாரியிலிருந்து கணினிக்கு இடம்பெயரும்போது தன் வயதை மறைத்துக்கொள்கிறது. அதனைப் பயன்படுத்துவோர் இயல்பான பொருட்பிரிவாகவே கொள்கின்றனர்.

இவ்வெல்லையைத் தகர்க்கும் முயற்சி கலைச்சொல்லிலேயே தொடங்க வேண்டும் என்பதை நியூமனும் பிரின்சிப்பும் 1998இல் வலியுறுத்தினர். பதினேழாம் நூற்றாண்டில் இரசவாதம், வேதியியல் என்னும் சொற்கள் இன்றுபோல் எதிரெதிராக வழங்கவில்லை என்று காட்டி, பிரிவுபடாத அத்துறையைக் குறிக்க 'கைமிஸ்ட்ரி' என்னும் பழைய எழுத்துக்கூட்டலை மீட்டெடுத்தனர். அட்டவணையாளர்க்கு இதன் பயன் நேரடியானது: எந்தத் தலைப்பின்கீழ்ச் சுவடியை வைப்பது என்னும் முடிவே முதல் தேர்வு.

7. தமிழ் வாதச் சுவடிகளை நோக்கி

இவ்வரலாற்றுக்கும் நம் சுவடிகளுக்கும் உள்ள தொடர்பு ஒப்புமையளவில் நிற்பதன்று. பிரெஞ்சு வேதியியலர் மார்செலின் பெர்த்தலோ 1887–88இல் கிரேக்க இரசவாத நூல்களையும், 1893இல் இடைக்கால வேதியியல் பற்றிய மூன்று தொகுதிகளையும் வெளியிட்டார். அரபு இரசவாதத்தைச் சில கையெழுத்துப்படிகளைக்கொண்டே அவர் மதிப்பிட்டதைப் பிற்காலத்தில் ஹோம்யார்டு கண்டித்தார். அதே பெர்த்தலோ தந்த ஊக்கத்தைப் பிரபுல்ல சந்திர ரே தாமே பதிவுசெய்துள்ளார். ரேயின் இந்து வேதியியல் வரலாறு 1902, 1909 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 'ரசார்ணவம்' என்னும் நூலை அவர் 1910இல் இணைந்து பதிப்பித்தார். இந்திய வேதியியல் வரலாற்றுக்கு அடித்தளமிட்ட இப்பணி சமற்கிருத நூல்களைச் சார்ந்தது. அடித்தளத்தில் சேராத தமிழ் வாத நூல்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே தங்கின.

தமிழ்ச் சித்தர் சுவடிகளில் வாதம், வைத்தியம், யோகம், ஞானம் ஆகியன ஒன்றோடொன்று பின்னியவை. 1869இல் நிறுவப்பட்ட சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால் நூலகம் முதலியவற்றில் இத்தகைய சுவடிகள் உள்ளன. இவற்றைத் தரம்பிரிப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் நியூட்டன் தாள்களில் கண்டவற்றோடு நெருங்கியவை.

முதலாவது, துறைவகைப்பாடு. செந்தூரம், பற்பம், சுண்ணம் ஆகியவற்றின் செய்முறைகள் மருத்துவத்துக்குப் பயன்படுவதால் மருத்துவச் சுவடி என்னும் தலைப்பு முன்னுரிமை பெறுகிறது. அதே ஏட்டில் வரும் உலோக மாற்று முறைகளும் செயநீர் வகைகளும் நம்பிக்கை சார்ந்தவை எனப் பின்தள்ளப்படலாம். மூசை, வாலை, புடம் ஆகிய கருவிகளும் முறைகளும் இரண்டுக்கும் பொதுவானவை என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, பரிபாடை. ஒரு சரக்குக்குப் பல மறைபெயர்களும், ஒரு பெயருக்குப் பல சரக்குகளும் வழங்குகின்றன. 'வலை' என்னும் சொல்லுக்கு உலையில் பொருள் கண்டது போல, பரிபாடைச் சொற்களுக்கும் செய்முறைப் பகுதிகளையும் அகராதிச் சுவடிகளையும் இணைத்துப் படித்தே பொருள் காண இயலும். டி. வி. சாம்பசிவம் பிள்ளை தொகுத்த பேரகராதி மருத்துவம், வேதியியல், தாவரவியல் ஆகியவற்றை ஒரே தலைப்பில் இணைத்தது இவ்வகையில் பொருள்பொதிந்தது.

மூன்றாவது, ஆசிரியர் பெயரும் பாடவேறுபாடும். போகர், அகத்தியர் முதலிய பெயர்களில் வெவ்வேறு காலத்து நூல்கள் வழங்குகின்றன. இலக்கியப் பதிப்பு மரபில் ஊறிய நாம், ஒரு நூலுக்குச் சிறந்த படி எது எனத் தேடி ஏனையவற்றைத் துணைப்படிகளாகக் கொள்கிறோம். செய்முறை நூலில் ஓர் ஏட்டில் இலிங்கம் ஒரு பலம் எனவும் மற்றோர் ஏட்டில் இரு பலம் எனவும் வந்தால், அது எழுதுவோர் பிழையாக இருக்கலாம். செய்து பார்த்தவர் செய்த திருத்தமாகவும் இருக்கலாம். இரண்டாம் ஏட்டை 'ஏற்கெனவே உள்ள நூலின் படி' என்று விலக்கினால் இவ்வினாவை எழுப்பவே இயலாது.

நான்காவது, அலகு. 2001இல் தொடங்கப்பட்ட மரபு அறிவு மின்னூலகம், நூல்களிலிருந்து மருந்துமுறைகளைத் தனித்தனியே பிரித்துப் பதிவுசெய்கிறது. முறையற்ற காப்புரிமைகளைத் தடுத்தல் என்னும் அதன் நோக்கத்துக்கு இவ்வலகு பொருத்தமானது. வரலாற்றாய்வுக்கு வேண்டியதோ முழு ஏடு: எந்த முறைக்கு அடுத்து எந்த முறை எழுதப்பட்டது, ஓரத்தில் யார் என்ன குறித்தார் என்பன.

8. முன்மொழியும் நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து ஐந்து நெறிகளை முன்வைக்கலாம்.

ஒன்று: தேர்வுக்கு முன் பதிவு. ஒரு தொகுதியில் எதனையும் மின்னுருவாக்குவதற்கு முன்னர், அதிலுள்ள எல்லாச் சுவடிகளுக்கும் தொடக்கம், முடிவு, ஏட்டெண்ணிக்கை, நிலை, உள்ளடக்கம் ஆகியன அடங்கிய சுருக்கக் குறிப்பு எழுதப்பட வேண்டும்.

இரண்டு: விலக்குக்குக் காரணம். பின்தள்ளப்பட்ட ஒவ்வொரு சுவடிக்கும் காரணமும் நாளும் முடிவெடுத்தோர் பெயரும் குறிக்கப்பட வேண்டும். அளவுகோல் மாறும்போது மறுபரிசீலனைக்கு இதுவே வழி.

மூன்று: கட்டைக் குலைக்காமை. ஒரே கட்டில், ஒரே குடும்பத்திலிருந்து வந்த சுவடிகளைத் துறைவாரியாகப் பிரிப்பின், அவற்றின் முன்னைய சேர்க்கை பதிவுபெற வேண்டும்.

நான்கு: படிகளை வேறுபாட்டுக்காகத் தேர்தல். அளவு, சரக்கு, வரிசை ஆகியவற்றில் மாறுபடும் படிக்கு, நல்ல நிலையிலுள்ள ஒத்த படியைவிட முன்னுரிமை தரலாம்.

ஐந்து: பயன்பட்ட தடம் உள்ள ஏட்டுக்கு முன்னுரிமை. கறை, ஓரக்குறிப்பு, சரக்குக் கணக்கு ஆகியன சுவடியின் அழகைக் குறைக்கலாம்; அதன் சான்றுத்தகுதியை உயர்த்துகின்றன.

இவற்றுக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். ஏடுகள் சிதைந்துவரும் நிலையில், பதிவெழுதிக் காலங்கழிப்பதைவிட எல்லாவற்றையும் படம்பிடித்துவிடலாம் என்பது முதல் மறுப்பு. சிதைவின் விளிம்பில் உள்ளவற்றை உடனே படம்பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் குறிப்பற்ற படம், பூட்டிய பேழையை ஒத்தது. எண்ணால் மட்டும் அறியப்படும் கோப்பை எந்த ஆய்வாளரும் தேடிக் கண்டடைய மாட்டார். பாதரசம், பாடாணம் ஆகியவற்றின் செய்முறைகளைப் பொதுவெளியில் வைத்தல் தீங்கு பயக்கும் என்பது இரண்டாம் மறுப்பு. இது பொறுப்புள்ள கவலை. அதற்குரிய தீர்வு, படத்தைப் பார்க்கும் உரிமையை வரையறுத்தல். சுவடி உண்டு என்னும் பதிவையே மறைத்தல் அன்று.

9. முடிவுரை

நியூட்டனின் இரசவாதத் தாள்களைக் கையாண்டோர் எவரும் தீயநோக்கினர் அல்லர். பெல்லட் தம் பணியைச் செய்தார். கேம்பிரிட்ஜ் குழுவினர் பதினாறு ஆண்டுகள் உழைத்தனர். ஆயினும் 'அறிவியல் பகுதி' என்னும் ஒரு தொடர் ஒரே மனிதரின் ஒரே வேலையை இரண்டாகப் பிளந்து, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆய்வுக்கு எல்லை வகுத்தது. அப்பிளவைப் பின்னர் இணைக்க முடிந்தது, விலக்கியவற்றையும் அவர்கள் எழுதிவைத்ததனால். தமிழ் வாதச் சுவடிகள் பலவற்றுக்கு இத்தகைய எழுத்து இன்னும் அமையவில்லை. அவை தனியார் வீடுகளிலும் மருத்துவக் குடும்பங்களிலும் சிதைந்துவரும் இந்நாளில், எதைத் திறப்பது என்பதைக் குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். எதை விட்டுவைத்தோம் என்பதை எழுதிவைப்பதற்கு யாருடைய உடன்பாடும் தேவையில்லை. அப்பணியை ஒவ்வொரு சுவடி நூலகமும் தன் அடுத்த அட்டவணையிலேயே தொடங்க இயலும்.